ஊத்துவளவுக்குப் போன பன்னிரண்டு கேப்சூல்

போன மாதம் என் ரத்தம் எடுக்க ஆஸ்பத்திரி லேபிலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். பெயர் கீதா. நானும் லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்தான் என்றதும், "எந்த மெஷின்ல மேடம் கல்ச்சர் பாப்பீங்க?" என்று கேட்டாள். மெஷின் ஏது, வெல்வெட் துணிதான் என்றேன். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள்.

"ரவிக்கை தைப்பாங்களே, அந்த வெல்வெட்டா?"

"அதேதான். சிரிச்சு முடிச்சிட்டுக் குத்து கண்ணு" என்றேன். எனக்குச் சுள்ளென்று வந்தது. ஆனால் அவள் மேல் குற்றமில்லை. எந்த மருந்துக்கு எந்தக் கிருமி சாகும் என்று இன்றைக்கு மெஷின் சில மணி நேரத்தில் தாளில் அடித்துக் கொடுத்துவிடுகிறது. போகும்போது, "இதையெல்லாம் எழுதி வைங்க மேடம், எங்களுக்கு யாரும் சொல்றதில்ல" என்றாள். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, வெல்வெட்டைப் பற்றி எழுதினால் டாக்டரம்மாவைப் பற்றி எழுத வேண்டும், டாக்டரம்மாவைப் பற்றி எழுதினால் நான் செய்ததையும் எழுத வேண்டும். சரி, எழுதிவிடுகிறேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

நான் சேந்தமங்கலத்துக்காரி. எட்டாவதோடு படிப்பு நின்றது. கட்டிக்கொண்டவன் ஒருநாள் லாரி ஏறிப் போனான், திரும்பி வரவில்லை. அவனைப் பற்றி இதற்கு மேல் மை செலவழிக்க மாட்டேன். பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தேன். துணி அவிப்பதும் ஊசி கொதிக்க வைப்பதுமாக நாலு வருடம் போனது. அறுபதுகளின் நடுவில், கொல்லிமலையில் கிருமி ஆராய்ச்சிக்கு ஒரு சின்ன நிலையம் வைக்கப் போவதாக மெட்ராஸிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். மலை ஏறவும், பெண்களோடு பேசவும், எழுதப் படிக்கவும் தெரிந்த ஒரு பெண் வேண்டும் என்றார். என் வாய்க்கு வேலி கிடையாது என்பது ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். தொல்லை விட்டது என்று என்னைத் தள்ளிவிட்டார்கள்.

டாக்டர் அம்புஜம் என்பது அவர் பெயர். நாற்பதைத் தாண்டிய வயது, ஒல்லி உடம்பு, நூல் புடவை, காலில் கேன்வாஸ் ஷூ, கையில் ஆம்பளை வாட்ச். வெளிநாட்டில் போய் கிருமிகளின் பரம்பரையைப் படித்துவிட்டு வந்தவர். கிருமிக்கு என்னங்க பரம்பரை என்று முதல் நாளே கேட்டேன். "உங்க மூக்கு உங்க அம்மா மூக்கு மாதிரியா?" என்றார். ஆமாம் என்றேன். "அதுங்களுக்கும் அப்படித்தான். ஆனா அதுங்க நம்மள விட ஒரு படி மேல. பக்கத்துல இருக்கறவங்களுக்கும் தன்னோட குணத்தைக் கொடுக்கும்." மெட்ராஸில் இவர் பல வருடம் உழைத்துக் கண்டதெல்லாம் மேலதிகாரிகளின் பெயரில் அச்சாகியிருந்தது. ஒருமுறை சோறு தின்னும்போது அவரே சொன்னார்: "முதல் பேர் பெரிய ஐயா பேர், ரெண்டாவது சின்ன ஐயா பேர். மூணாவதா இடம் இருந்தா நான்." சொல்லிவிட்டு ரசத்தைக் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

மலைமேல் சோளக்காடு என்ற ஊரில், சந்தைத் திடலுக்கு மேலே இரண்டு அறை ஓட்டுக் கட்டடம் எங்கள் நிலையம். டாக்டரம்மா, நான், சமையலுக்கும் காவலுக்குமாக மாரப்பண்ணன், மூன்றே பேர். கரண்ட் கிடையாது. கிருமி வளர்க்கும் பெட்டியே மண்ணெண்ணெய் விளக்கில்தான் ஓடியது. உடம்புச் சூடு எவ்வளவோ அவ்வளவு சூடு அதற்குள் இருக்க வேண்டும். திரியை ஒரு நெல்லளவு ஏற்றினால் கூடிவிடும், இறக்கினால் குறைந்துவிடும். அந்தப் பெட்டிக்குச் செய்த பணிவிடையை நான் எந்த மாமியாருக்கும் செய்ததில்லை.

டாக்டரம்மா குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. என்னைக்கூட 'நீங்க' என்றுதான் அழைப்பார். ஆனால் ஒரு கேள்வி வைத்திருந்தார், அதைக் கேட்டாலே எழுதியதை அடித்துத் திருத்த வேண்டியிருக்கும்.

"அந்த ஊட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்க" என்பேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும் ராசம்மா?"

"சொன்னாங்க."

"அப்ப, நல்லா இருக்கறதா சொன்னாங்கன்னு எழுதுங்க. நல்லா இருக்காங்கன்னு எழுதாதீங்க. ரெண்டும் வேற."

இப்படி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. முதல் ஆறு மாதம், இந்தம்மாவுக்கு என்னைக் கண்டால் ஆகாது போலிருக்கிறது என்றே நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன், அவர் தன் நோட்டிலும் அப்படித்தான் எழுதினார். தானே பார்த்தது ஒரு பக்கம், பிறர் சொன்னது ஒரு பக்கம். மறந்துபோனதைக்கூட 'மறந்துவிட்டேன்' என்று எழுதி வைத்திருந்தார்.

இனி வெல்வெட். கீதா, நீ கேட்டது இதைத்தான்.

கடல்பாசியைக் காய்ச்சி, பால் சர்க்கரையும் பித்த உப்பும் சிவப்புச் சாயமும் சேர்த்து, மூடி போட்ட கண்ணாடித் தட்டுகளில் ஊற்றி உறைய வைப்போம். மனிதர்களின் மலத்தில் துளி எடுத்துக் கரைத்து அதன் மேல் பரப்பி, பெட்டிக்குள் வைத்தால், மறுநாள் கிருமிகள் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கிருமியின் வம்சம். இதில் எந்தப் புள்ளி எந்த மருந்துக்குச் சாகாது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றாகக் கம்பியால் தொட்டு எடுத்துப் பார்ப்பதென்றால் ஆயுசு போதாது. அதற்குத்தான் வெல்வெட்.

சேலத்தில் வாங்கிய கறுப்பு வெல்வெட்டைச் சதுரமாக வெட்டி, வெறும் தண்ணீரில் பல தடவை அலசி, காய வைத்து, காகிதத்தில் பொதிந்து, ஆவி டிரம்மில் அவித்து எடுப்போம். சோப்புப் போடக் கூடாது. சோப்பு ஒட்டியிருந்தால் கிருமி மருந்தால் செத்ததா சோப்பால் செத்ததா என்று எந்தச் சாமி வந்து சொல்லும்? தட்டு அகலத்துக்கு ஒரு மரக்கட்டை இருக்கும். அதன் மேல் துணியை மயிர்ப்பக்கம் மேலாகப் போர்த்தி வளையம் மாட்டி இறுக்க வேண்டும். புள்ளிகள் முளைத்த தாய்த் தட்டைக் கவிழ்த்து, குழந்தை கன்னத்தில் பவுடர் ஒற்றுகிற மாதிரி ஒரு ஒற்று. நேராகத் தூக்கிவிட வேண்டும், இழுக்கக் கூடாது. இப்போது ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கொஞ்சம் துணியின் மயிரில் நிற்கும். அதே துணியில் புதுத் தட்டுகளை வரிசையாக ஒற்ற வேண்டும். ஒன்றில் ஒரு மருந்து கலந்திருக்கும், அடுத்ததில் இன்னொரு மருந்து, கடைசித் தட்டில் ஒன்றும் இருக்காது. எது மேல் பக்கம் என்று எல்லாத் தட்டிலும் ஒரே இடத்தில் ஒரு கோடு.

மறுநாள் பார்த்தால், மருந்து இல்லாத தட்டில் எல்லாப் புள்ளியும் அதே இடத்தில் அப்படியே முளைத்திருக்கும். மருந்துத் தட்டில் பொட்டல். எங்கேயோ ஒன்றிரண்டு மட்டும் நிற்கும். அது எந்த இடமோ, தாய்த் தட்டிலும் அதே இடத்தில் அதன் வம்சம் இருக்கும். மருந்தைக் கண்ணால்கூடப் பார்க்காத வம்சம், ஆனாலும் சாகாது. டாக்டரம்மா இதை எனக்கு முதன்முதலில் காட்டிய நாளில், "பாருங்க, மருந்து இதை உண்டாக்கல. மத்ததைக் கொன்னுட்டு இதுக்கு எடம் விட்டுது, அவ்வளவுதான்" என்றார். எட்டாவது படித்த எனக்கு அது விளங்கிற்று. விளங்கியதும் ஏனோ அழுகை வந்தது. இவ்வளவு பெரிய விஷயத்தை இதற்கு முன் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

எனக்குக் கை படிய இரண்டு மாதம் பிடித்தது. அழுத்தி ஒற்றினால் எல்லாம் இழுவிவிடும். அந்தத் தட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

டாக்டரம்மாவின் கேள்வி இது. சாகாத குணத்தைக் கிருமிகள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக்கொள்கின்றன என்று அப்போது வெளிநாடுகளில் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. மருந்தே எட்டிப் பார்க்காத ஊரிலும் அது தானாகப் பரவுமா, வீட்டுக்கு வீடு போகுமா? மலைக்கு ரோடு வந்துவிட்டால் பின்னாலேயே மாத்திரையும் வந்துவிடும், அதற்குள் பார்த்துவிட வேண்டும் என்பார். அதற்காகவே மலைமேல் குண்டூர் நாடு என்கிற பகுதியில், சோளக்காட்டிலிருந்து அரை நாள் நடையில் ஊத்துவளவு என்ற ஊரைப் பிடித்தோம். பதினொரு வீடு. சாமை, ராகி, மரவள்ளிக் கிழங்கு, நாலு மிளகுக் கொடி. உப்பும் மண்ணெண்ணெயும் வாங்க மட்டும் சந்தைக்கு வருவார்கள். ஒருவரும் ஊசி போட்டதில்லை, மாத்திரை விழுங்கியதில்லை. அப்படிச் சொன்னார்கள் என்று எழுதினேன்.

அங்கே மருந்து கொடுக்கக் கூடாது என்பது விதி. ஈவு இரக்கமில்லாத விதி என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். யாருக்காவது உடம்பு மோசமானால் உடனே தனக்கு ஆள் அனுப்ப வேண்டும், தானே வந்து வைத்தியம் பார்ப்பேன், ஊரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம், உயிர்தான் முதல் என்று டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். கொடுத்ததைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

ஐப்பசி மழையில் டாக்டரம்மா மெட்ராஸ் போயிருந்தார். அந்த வருடத்துக்குள் முடிவு எதுவும் வராவிட்டால் நிலையத்தை மூடப் போவதாகப் பெரிய ஐயா கூப்பிட்டு அனுப்பியிருந்தார். வீடு வீடாக மல மாதிரிகள் முதல் சுற்று முன்பே எடுத்தாகிவிட்டது. வீடுகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நான் தனியாக ஊத்துவளவுக்குப் போனேன். குப்பாயி என்ற பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்கக்கா, புள்ளைக்கு மூணு நாளா ரத்தமாப் போவுதுங்க. கஞ்சி எறங்கல. கூப்புட்டா முழிக்க மாட்டேங்குது."

நல்லம்மா, மூன்று வயது. முதல் சுற்றில் என் பையைப் பிடித்து இழுத்து விளையாடிய குழந்தை, பாயில் ஒட்டிக் கிடந்தது. கீழே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாம் என்றேன். ஓடையில் வெள்ளம், இறங்க முடியாது என்றார்கள். நான் வந்த பிறகு வெள்ளம் இன்னும் ஏறியிருந்தது. மலையில் தனியாகத் திரிகிற எனக்கு ஏதாவது வந்தால் போட்டுக்கொள்ள டாக்டரம்மா கொடுத்த மஞ்சள் கேப்சூல் பன்னிரண்டு, டெட்ராசைக்ளின், என் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டேன். பாதிப் பாதியாகத் தேனில் குழைத்துக் கொடுக்கச் சொல்லி, எத்தனை நாள், எந்தெந்த வேளை என்றெல்லாம் விரல் விட்டு விளக்கினேன். "நான் கொடுத்தேன்னு யார்கிட்டயும் சொல்லிப்புடாதே" என்றும் சொன்னேன்.

கொடுத்ததற்கு நான் இன்றுவரை வருந்தவில்லை. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் கொடுத்திருப்பார்கள், டாக்டரம்மாவும்தான். பிறகு செய்ததுதான் அயோக்கியத்தனம். அவர் திரும்பி வந்து, "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்டபோது, இல்லீங்க என்றேன். சொன்னால் ஊத்துவளவு கணக்கிலிருந்து போய்விடும். அது போனால் நிலையம் போய்விடும், நிலையம் போனால் நான் மறுபடியும் துணி அவிக்கப் போக வேண்டும். ஒரு குழந்தை தின்ற மருந்துதானே, அந்த ஒரு வீட்டை விட்டுவிட்டால் மற்ற பத்து வீடும் சுத்தம்தானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். குழந்தைக்கும் குணமாகிவிட்டது என்று சேதி வந்திருந்தது. அடுத்த மாதம் இரண்டாம் சுற்றில், 'குப்பாயி வீடு பூட்டிக் கிடந்தது' என்று எழுதினேன்.

அந்தச் சுற்றுத் தட்டுகளை நான்தான் ஒற்றினேன். மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்தபோது எனக்குத் திக்கென்றது. முதல் சுற்றில் பொட்டலாகக் கிடந்த மருந்துத் தட்டுகளில், ஊத்துவளவின் பெரும்பாலான வீடுகளுக்குப் புள்ளிகள் முளைத்துக் கிடந்தன. என் கை தவறிவிட்டது என்றே நினைத்தேன். டாக்டரம்மா மறுபடி செய்து பார்க்க உட்கார்ந்தார். புது வெல்வெட், புதுத் தட்டு, தானே ஒற்றினார். அதே விடை. மருந்துப் பொடியை மாற்றி மறுபடி ஒற்றினார். அதே விடை.

மூன்றாம் முறை பார்த்துவிட்டு, அந்த அம்மாள் வெளியே போய்ச் சந்தைத் திடலில் மழைத் தூறலில் நின்றார். உள்ளே வந்து, "மருந்தே இல்லாத ஊர் ராசம்மா. வீட்டுக்கு வீடு தானா போயிருக்கு" என்றார்.  ஒருநாளும் இல்லாமல் மாரப்பண்ணனிடம் பாயசம் வைக்கச் சொன்னார். பத்து நாள் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்து கட்டுரையை அடித்தார். முதல் தாளை என்னிடம் காட்டி, தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு வரியைத் தொட்டார். "இது என் பேர். கூட வேற பேர் இல்ல." எனக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் அது ஒரே ஒரு பேர் என்று தெரிந்தது. உறையில் போட்டு ஒட்டியாகிவிட்டது. சந்தைக்கு மறுநாள் மாரப்பண்ணன் கீழே கொண்டுபோய்த் தபாலில் சேர்ப்பதாக ஏற்பாடு.

சந்தை நாள் மதியம் அன்னாசிக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். குப்பாயி குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வந்தாள். நல்லம்மாவின் தலை தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, மறுபடியும் வந்துருச்சுங்க. போன தடவ குடுத்த மருந்துதான், இன்னும் ரெண்டு கொடுங்க."

"ரெண்டா? நான் பன்னண்டு கொடுத்தேனே?"

"புள்ளைக்கு ரெண்டு கொடுத்தனுங்க. ரெண்டுலயே நின்னுருச்சு."

"மீதி பத்து?"

"மத்த பத்து ஊட்டுக்கும் ஒவ்வொண்ணுங்க" என்றாள். "கூறு போட்டுட்டோம்."

 அவள் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனாள். அந்த ஊரில் காட்டுப்பன்றி விழுந்தாலும், யாராவது மலைக்குக் கீழிருந்து வெல்லம் கொண்டுவந்தாலும் பதினொரு கூறு. ஒரு வீடு மட்டும் வைத்துக்கொண்டால் வைத்துக்கொண்டவர்களுக்கு ஆகாது. "வெளியில சொல்லாதேன்னீங்க, சொல்லலீங்க. ஊருக்குள்ள ஒளிச்சா சாமி கேக்காதுங்களா? எம் புள்ள மட்டும் பொழைச்சாப் போதுமான்னு கேப்பாங்கல்ல? அந்தந்த ஊட்டுல இருக்கற அத்தன பேரும் கஞ்சில கலந்து ஒரு வாய் குடிச்சாங்க."

அடி ஆத்தி என்றேன். மருந்தே எட்டிப் பார்க்காத ஊர்! பதினொரு வீட்டுக்கும் மருந்து போயிருக்கிறது, அதுவும் கிருமியைக் கொல்லப் பத்தாத, சாகாததற்கு இடம் மட்டும் விடுகிற அளவு. கட்டுரை முழுக்கப் பொய். அதை எழுதியவருக்கு அது பொய் என்று தெரியாது. எனக்குத் தெரியும்.

குப்பாயியை உள்ளே கூட்டிப் போனேன். டாக்டரம்மா குழந்தையைப் பார்த்த உடனே கட்டிலில் போட்டு சலைன் ஏற்றினார். மாதிரி எடுத்துத் தட்டில் பரப்பினார். பரப்பிக்கொண்டே கேட்டார்: "இதுக்கு முன்னாடி ஏதாவது மருந்து கொடுத்தீங்களா?"

குப்பாயியைத்தான் கேட்டார். பதில் சொன்னது நான். "இல்லீங்க" என்றேன்.

குப்பாயி என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டால், மேசை மேல் அந்த உறை இருந்தது. அந்த ஒரே பேர் அதற்குள் இருந்தது. என் பிழைப்பும் அதற்குள்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். முன்பு கேட்ட மருந்து இப்போதும் கேட்கும், குழந்தை எழுந்துவிடும், யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை என்று ஒரு நப்பாசை. புத்தியுள்ளவள் அப்படி நினைப்பாளா? தினமும் வெல்வெட் ஒற்றுகிறவள் நான். மருந்துக்குத் தப்பி மிஞ்சிய கிருமி எப்படிப்பட்டது என்று அந்த மலையில் டாக்டரம்மாவை விட்டால் எனக்குத்தான் தெரியும்.

டாக்டரம்மா எடுத்துக் கொடுத்தது அதே மஞ்சள் கேப்சூல். தட்டில் கலக்கும் பொடிகளைத் தவிர, தின்னக் கொடுக்க நிலையத்தில் இருந்தது அது ஒன்றுதான்; அந்த வீட்டுக்கு அவர் பார்த்ததும் முதல் சுற்றின் பொட்டல் தட்டுதான்.

மறுநாள் விடிந்தபோது குழந்தையின் கண்கள் குழி விழுந்து, வயிறு ஒட்டிப் போயிருந்தது. ரத்தம் நிற்கவில்லை. டாக்டரம்மா கையைப் பிடித்து நாடி எண்ணிக்கொண்டிருந்தார். மாரப்பண்ணன் உறையை எடுத்துப் பைக்குள் வைத்தார். அந்தப் பையின் வாரைப் பிடித்து நிறுத்தினேன். எனக்கே தெரியாமல் கத்தினேன் போலிருக்கிறது, குப்பாயி எழுந்து நின்றுவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு கேப்சூல், பூட்டிக் கிடந்ததாக எழுதிய வீடு, பதினொரு கூறு.

டாக்டரம்மா நோட்டை எடுத்தார். கோபிப்பார், அடிப்பார் என்றுகூட எதிர்பார்த்தேன்.

"கொடுத்தது என்னைக்கு?"

சொன்னேன். எழுதினார்.

"கூறு போட்டது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து மத்தியானம்."

பென்சில் நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அதையும் எழுதினார், நேற்று மதியம் என்று. நோட்டை மூடினார். உறையை மாரப்பண்ணன் பையிலிருந்து எடுத்து அலமாரியில் போட்டார். "அண்ணே, இது வேண்டாம். நீங்க ஓடிப் போய்க் குளோராம்பெனிகால் வாங்கிட்டு வாங்க" என்று சேந்தமங்கலம் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். முந்தின நாளே தெரிந்திருந்தால் தூளி கட்டிக் குழந்தையையே இறக்கியிருக்கலாம். அன்றைக்கு அது மலை இறங்கத் தாங்காது.

அன்று முழுக்க ஒரு வேலையும் நிற்கவில்லை. குழந்தையின் தாய்த் தட்டை என்னையே ஒற்றச் சொன்னார். "உங்க கைதான் இப்ப நல்லா படிஞ்சிருக்கு" என்றார். அதற்கு என்னை அடித்திருந்தால்கூடத் தேவலை. நாலு மருந்துத் தட்டு, ஒரு வெறும் தட்டு. மறுநாள் காலையில் மஞ்சள் கேப்சூல் தட்டில் புள்ளிகள் நெருக்கமாக முளைத்திருந்தன. குளோராம்பெனிகால் தட்டு சுத்தப் பொட்டல். கேட்கக்கூடிய மருந்து அதுதான் என்று தட்டு சொல்லிற்று.

நல்லம்மா அன்று உச்சிப் பொழுதுக்கு முன்பே போய்விட்டாள். மாரப்பண்ணன் மருந்தோடு வந்து சேர்ந்தபோது மதியம் சாய்ந்துவிட்டது. சட்டை முழுக்க நனைந்து, மூச்சு வாங்க, கட்டிலைப் பார்த்துவிட்டு அந்தப் பொட்டலத்தை வாசற்படியிலேயே வைத்துவிட்டு அழுதார்.

ஊத்துவளவுக்கு நானும் கூடப் போனேன். புதைத்துவிட்டு வந்த பிறகு குப்பாயியிடம், உன் தப்பு ஒன்றுமில்லை, நான்தான் டாக்டரம்மாவிடம் மறைத்தேன் என்று சொன்னேன். அவள் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

"அந்தம்மா கேட்டப்ப நான் வாயத் தொறந்திருக்கணுமுங்க அக்கா" என்றாள். "நீங்க சொல்லாதேன்னீங்களேன்னு இருந்துட்டேன்."

அதையும் என் கணக்கில்தான் எழுத வேண்டும். 

அந்த வருடக் கடைசியில் நிலையத்தை மூடினார்கள். தட்டுகளை வைக்கோலில் பொதிந்து பெட்டியில் அடுக்கும்போது டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன். "ஒரு நாள் முன்னாடியே சொல்லியிருந்தா புள்ள பொழைச்சிருக்குமுங்களா?"

அவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "தெரியாது ராசம்மா. பொழைச்சிருக்கும்னு சொல்லவும் என்கிட்ட ஆதாரம் இல்ல. பொழைச்சிருக்காதுன்னு சொல்லவும் இல்ல." எனக்காக ஒரு ஆறுதல் வார்த்தைகூட அந்த அம்மாள் வளைத்துச் சொல்லவில்லை. அன்றைக்கு அது கொடுமையாக இருந்தது.

ஆனால் என்னைத் தெருவில் விடவில்லை. சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி லேபுக்குத் தன் கைப்படக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினார். ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தேன். அங்கே யாராலும் ஒரு தட்டில்கூட என் பிழையைக் காட்ட முடிந்ததில்லை. மருந்தைப் பாதியில் நிறுத்தும் நோயாளிகளையும், அடுத்த வீட்டுக்காரருக்கு மாத்திரை பங்கு வைப்பவர்களையும் நான் திட்டிய திட்டு அந்த ஆஸ்பத்திரியில் பிரசித்தம்.

டாக்டரம்மா அந்தக் கட்டுரையைக் கடைசி வரை அனுப்பவில்லை. அதற்குப் பதில் வேறொன்று எழுதினார். பத்தாத மருந்து ஒரு ஊருக்குள் பங்கு பிரிந்து போனால், அந்த ஊர்க் கிருமிகள் என்ன ஆகின்றன என்பது பற்றி. ஒரு சின்னப் பத்திரிகையில் அவர் பெயர் மட்டும் போட்டு வந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரு பிரதியை எனக்கும் அனுப்பி, 'உங்களைப் பற்றி ஒரு வரி உண்டு' என்று கடிதம் வைத்திருந்தார். அந்த வரி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? உண்மையைத் தவிர அந்தக் கை வேறு எதை எழுதும்? யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லாமல் டிரங்குப் பெட்டி அடியில் வைத்துவிட்டேன்.

பல வருடம் கழித்து டாக்டரம்மா காலமான சேதி வந்தது. அன்றைக்குத்தான் அதை எடுத்து, எங்கள் லேபில் இருந்த ஒரு இளம் டாக்டரிடம் கொடுத்தேன். அவர் தேடிப் பிடித்து அந்த வரியைத் தமிழில் சொன்னார். ஊரில் மருந்து பங்கிடப்பட்ட விவரத்தை, தனக்குத் தெரிய வந்த உடனே, மருந்து கொடுத்த பணியாளரே முன்வந்து எங்களிடம் தெரிவித்தார்.

"உடனேன்னா இருக்கு?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா, உடனேன்னுதான் இருக்கு."

இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். அதேதான்.

அவருக்குத் தெரியும். நோட்டில் தன் கையாலேயே எழுதியவர். ஒரு பொய் அச்சேறக் கூடாது என்று, தன் பெயர் மட்டும் போட்ட அந்தக் கட்டுரையை ஒரு நொடியில் அலமாரியில் போட்டவர். அப்படிப்பட்டவர் எனக்காக ஒரே ஒரு சொல்லைத் தெரிந்தே மாற்றி எழுதியிருக்கிறார். லேபிலேயே, கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் பார்க்க, வாய் விட்டு அழுதேன்.

அந்தச் சொல் அங்கே அப்படியே இருக்கக் கூடாது. அவர் எழுதியதில் அது ஒன்றுதான் பிழை, அதுவும் என்னுடையது. கூறு போட்ட விவரம் எனக்குச் சந்தை நாள் மதியமே தெரியும். நான் உடனே சொல்லவில்லை. மறுநாள் காலையில்தான் சொன்னேன்.